மெனு கார்டு, பக்கம் நான்கு

காட்பாடி ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், டிடிபி, பாஸ்போர்ட் போட்டோ,
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிகளுக்கு
ஊர் திரும்ப ரயில் டிக்கெட்.

மே மாதம், மதியம் மூன்று மணி.
ஓட்டல் மேனேஜர் தசரதன் வந்தார்
கர்ச்சீப்பைக் காலருக்குள் செருகியபடி.
மெனு கார்டு, எட்டுப் பக்கம்.
தமிழிலும் வேண்டுமாம்,
முதலாளியின் புது ஆசை.

மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடியது.
சிக்கன் அறுபத்தைந்துக்கு
எவரும் அகராதி தேடுவதில்லை.
நான்காம் பக்கம், மேலிருந்து இரண்டாவது வரியில்
விரல் நின்றது.
எழுத்தில் ஜி, எச். வாயில் எஃப்.
"டிராஃப்ட்" என்றார்.
"பேங்க்ல எடுப்போமே, அதுவா சார்?"
"அது இல்லம்மா. பீர்."

ஓர் எழுத்து மாற்றித் தட்டிவிட்டேன்.
ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஓ.
கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடவில்லை.
வறட்சி என்று பொருளாம், சுத்தமான சொல்.
பாலாற்றுப் பாலத்துக்கு எந்தப் பக்கம் நின்று படித்தாலும்
யாரும் அதைப் பிழை என்று சொல்லப்போவதில்லை.
இருந்தாலும் திருத்தினேன்.

அகராதியில் பார்த்தால்
இழுவை. ஒரு மிடறு.
கதவிடுக்கில் நுழையும் காற்று.
கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழம்.
பாரம் இழுக்கும் மாடு.
இத்தனை பேரும்
ஒரே கிளாஸுக்குள் எப்படி உட்கார்ந்தார்கள்?

"குழாய் பீர்னு போட்டுடட்டா?"
தசரதன் பதறிவிட்டார்.
"சத்துவாச்சாரில குழாய்னா
நாலு நாளைக்கு ஒருவாட்டி வர்றது.
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
எவன் நம்பி வந்து உக்காருவான்?"
பீப்பாய் என்றேன்.
ரோடு போடுகிற தார் ஞாபகம் வருகிறதாம்.

வினைச்சொல்லுக்கா நம்மிடம் பஞ்சம்?
பாலைக் கறக்கிறோம், எண்ணெயை ஆட்டுகிறோம்,
கள்ளை இறக்கினோம், சாராயத்தைக் காய்ச்சினோம்,
ஆறிப்போகட்டும் என்று விடாமல்
டீயைக்கூட நின்று ஆற்றுகிறோம்.
பீர் மட்டும் பாட்டிலோடு வந்ததால்
மூடி திறப்பதோடு நம் வேலை முடிந்துபோனது.

"அந்த டிராஃப்ட்ட என்ன சார் பண்ணுவாங்க?"
எழுந்து நின்றார்.
இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்து
தன் பக்கமாக மெல்லச் சாய்த்தார்.
மறுகையில் இல்லாத கிளாஸ், கொஞ்சம் சரித்து.
"இப்படி. கீழேர்ந்து மேல வரும்,
இழுக்க இழுக்க."

சேந்துவது!
கிணற்றில் வாளி இறங்கி, கவிழ்ந்து,
நிறைந்து, கனத்து மேலே வருமே,
அதற்கு நாம் வைத்திருக்கும் சொல்.
வெள்ளைக்காரனும் அதையேதான் சொல்லியிருக்கிறான்,
சத்தமில்லாத எழுத்துகளைக் கூடவே இழுத்துக்கொண்டு.
அடித்தேன்:
சேந்து பீர், முந்நூற்று முப்பது மில்லி.

லேமினேஷன் மெஷின் பக்கமிருந்து
ஷகீல் சிரித்தான்.
"அக்கா, சேந்தின்னா எங்க பேச்சுல ஈச்சங்கள்ளு.
சார்கிட்ட லைசன்ஸ் இருக்குதா?"
தசரதன் கர்ச்சீப்பை உருவி
முகம் முழுக்கத் துடைத்தார்.
"அழிங்க. மொதல்ல அத அழிங்க."

டிராஃப்ட் பீர் என்றே அச்சானது.
பக்கத்துக்கு நாற்பது சொன்னேன்.
எட்டுப் பக்கத்துக்கும் பேரம் பேசி
அந்த ஒரு வரிக்குத் தனியாக ஐந்து ரூபாய் குறைத்தார்:
"அது இங்கிலீஷ்தானே?"

பாக்கி வாங்கப் போன சனிக்கிழமை
பார் கதவு பாதி திறந்திருந்தது.
உள்ளே பிச்சாண்டி கைப்பிடியை இழுக்கிறான்.
குழாய் இருமியது.
கொஞ்சம் நுரை,
பிறகு அகராதியின் மூன்றாம் பொருள்,
வெறும் காற்று.
"காலிண்ணே. வண்டி நாளைக்குத்தான்."

மேசையில் இருந்தவர் தண்ணி லாரி டிரைவர்,
இருசப்பன் என்று கூப்பிட்டார்கள்.
மெனுவைப் படிக்கவில்லை,
அதன்மேல் வறுகடலைத் தட்டு இருந்தது.
காலி கிளாஸைத் தள்ளிவைத்துச் சொன்னார்:

"அடியில கெடக்கும்பா.
இன்னொரு தபா சேந்து."